மீனைப் பார்ப்பதன் அறம்

வேலை நிமித்தம் ஊர் ஊராகப் பறக்கும் மீன் பிரியர்களிடம் இரண்டு வழக்கங்களைக் காணலாம். அலுவல் முடிந்த மாலையில் அந்த நகரத்தின் வண்ண மீன் கடைகளைத் தேடிப் போவது ஒன்று. விடுமுறை நாள் வாய்த்தால் பக்கத்துக் கடலில் ஸ்கூபா கருவியோடு இறங்குவது மற்றொன்று. ஹாங்காங்கின் துங் சோய் தெருவில் தண்ணீரும் காற்றும் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் மீன்கள் கடை வாசல்களில் வரிசை வரிசையாகத் தொங்கும். பாங்காக்கில் சத்துசக் சந்தை, கொல்கத்தாவில் காலிஃப் தெரு, சென்னையில் கொளத்தூர் என்று பெருநகரங்கள் பலவற்றில் இப்படி ஓர் இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை கடைத் தொட்டியில் கண்ட கோமாளி மீனை, சனிக்கிழமை காலை பவளப்பாறையில் கடல் சாமந்தியின் கைகளுக்கு நடுவே காண நேரலாம். மீன் அதேதான், அதன் வாழ்க்கை வேறு. இரண்டு காட்சிகளையும் நாடிச் செல்வது ஒரே மனிதரின் ஒரே ஆசை என்பதால் ஒரு கேள்வி எழுகிறது: பிறிதோர் உயிரைக் கண்டு மகிழ மனிதருக்கு உள்ள உரிமை எதுவரை செல்லும்?

கொல்வதையும் தின்பதையும் பற்றி அறநூல்கள் நிறையவே பேசியிருக்கின்றன. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கினார். சமணம் நீர்வாழ் மீன்களை ஐம்பொறி உயிர்களின் வரிசையில் வைத்தது. வண்ண மீனோ இந்த விவாதங்களின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. அதை யாரும் தின்பதற்காகப் பிடிப்பதில்லை. அழகாக இருப்பதால் பிடிக்கிறார்கள். அதன் சிறைக்குக் காரணம் பகையோ பசியோ அல்ல, அன்பு. பகையைவிட அன்பு செய்யும் கேட்டை அடையாளம் காண்பது கடினம்.

இதற்கு வரலாற்றில் தெளிவான சான்று ஃபிலிப் ஹென்றி காஸ். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் இயற்கையியலாளர். ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். டெவன் கடற்கரைப் பாறைக் குழிகளில் மின்னிய கடல் சாமந்திகளையும் பாசிகளையும் அவர் படைத்தவனின் கைவேலையாகவே கண்டார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் திறக்கப்பட்ட மீன் இல்லத்துக்குக் கடல் உயிர்களைத் திரட்டித் தந்தவர்களில் அவரும் ஒருவர். மறு ஆண்டு வெளிவந்த ‘தி அக்வேரியம்’ என்ற அவருடைய நூல், வீட்டுக்குள் கடலை வைத்துக்கொள்ளும் மோகத்தை நாடெங்கும் பரப்பியது. கூடையும் உளியுமாக மக்கள் கரைகளுக்குப் படையெடுத்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் தழைத்திருந்த அந்தக் குழிகள் சில பத்தாண்டுகளில் வெறுமையாயின. 1907-இல் ‘ஃபாதர் அண்ட் சன்’ நூலை எழுதிய அவருடைய மகன் எட்மண்ட் காஸ், அந்த அழிவையும் அதில் தந்தையின் நூல்களுக்கு இருந்த பங்கையும் அதனால் தந்தை பட்ட துயரத்தையும் மறைக்காமல் பதிவு செய்தார். இறைவனின் படைப்பைப் போற்றுவதற்காக எழுதப்பட்ட வரிகள் அந்தப் படைப்பையே சூறையாட வழிகாட்டின. போற்றுதல் என்பது தன்னளவில் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதை இதைவிட உறுதியாகச் சொல்லும் நிகழ்ச்சி அரிது.

கடலுக்குள் இறங்குவதன் வரலாறு எதிர்த் திசையில் நடந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்கும் சங்குக்கும் குளித்தவர்கள், கிரேக்கத் தீவுகளில் கடற்பஞ்சு எடுத்தவர்கள், கொரியாவின் ஜேஜு தீவில் சிப்பியும் பாசியும் சேகரிக்கும் ஹேன்யோ பெண்கள் என்று எல்லோரும் எதையேனும் எடுத்து வருவதற்காகவே மூச்சடக்கி இறங்கினார்கள். வெறுங்கையோடு மேலே வந்தால் அன்றைய உழைப்பு வீண். 1943-இல் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் அக்வாலங் கருவியை உருவாக்கிய பிறகும் கொஞ்ச காலம் முக்குளிப்பு பெரும்பாலும் ஈட்டியெறிந்து மீன் பிடிக்கும் விளையாட்டாகவே இருந்தது. பார்ப்பதற்காக மட்டுமே இறங்கி, ஒன்றையும் தொடாமல், வெறுங்கையோடு ஏறி வருவதையே சிறப்பாகக் கருதும் பண்பாடு அதற்குப் பின் மெல்ல மெல்ல உருவானது. மனிதருக்கும் கடலுக்கும் உள்ள உறவில் இது புதிய அத்தியாயம். இதன் ஒழுக்கப் பெறுமதி இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

பயணி இந்த இரண்டு வரலாறுகளுக்கும் நடுவில் நிற்கிறார். விமானத்தில் மீனைக் கொண்டு போவது எளிதல்ல. விடுதி அறையில் தொட்டி வைக்கவும் முடியாது. ஆகவே கடையிலும் அவர் வெறும் பார்வையாளர்தான். ஆனால் எடுத்துச் செல்ல வழியில்லாததால் எடுக்காமல் இருப்பது துறவு ஆகுமா? ஆகாது என்பதே நேர்மையான விடை. பற்றை விடுவது என்பது, பற்றுக்கு வாய்ப்பு இருக்கும்போது நிகழ வேண்டிய ஒன்று. ஆயினும் இந்தக் கட்டாயப் பார்வைக்கு ஒரு பயன் உண்டு. வாங்கும் எண்ணம் விலகியதும் கண் வேறு விதமாக வேலை செய்கிறது. விலையைக் கேட்ட மனம் இப்போது இந்த மீன் எங்கே பிறந்தது, எப்படிப் பிடிபட்டது, வாங்குபவர் வீட்டில் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்கத் தொடங்குகிறது.

மீனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்பது அடுத்த கேள்வி. இது பழைய கேள்வி. சீன ஞானி சுவாங்ட்சுவின் பெயரில் வழங்கும் நூலில் ஒரு காட்சி வருகிறது. ஹாவ் ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்தபடி, கீழே நீந்தும் மீன்கள் மகிழ்ச்சியாக இருக்கின்றன என்கிறார் அவர். நீர் மீன் அல்லவே, மீனின் மகிழ்ச்சி உமக்கு எப்படித் தெரியும் என்று மடக்குகிறார் நண்பர் ஹுவெய்ட்சு. நீர் நானல்லவே, எனக்குத் தெரியாது என்பது உமக்கு எப்படித் தெரியும் என்று திரும்புகிறது வாதம். கடைசியில் சுவாங்ட்சு, இந்தப் பாலத்தின் மேல் நின்றுதான் அறிந்தேன் என்று முடிக்கிறார். ஓர் உயிரைப் பற்றிய அறிவு, பார்ப்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைச் சார்ந்தது என்ற பொருளில் இதைக் கொண்டால், மீன் கடையும் பவளப்பாறையும் தரும் அறிவு ஏன் வேறுபடுகிறது என்பது விளங்கும்.

தொட்டியில் தனியே நிற்கும் கோமாளி மீன் ஓர் ஆரஞ்சு நிற அலங்காரம். பாறையில் அது ஒரு குடும்பத்தின் உறுப்பு. ஒரு கடல் சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியதே பெண், அடுத்தது ஆண், மற்றவை முறைக்காகக் காத்திருக்கும் சிறியவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். காத்திருந்தவற்றில் ஒன்று ஆணின் இடத்துக்கு வரும். துப்புரவு மீன் என்று அழைக்கப்படும் சிறிய நீலக்கோட்டு மீனையும் கடைகளில் காணலாம். கடலில் அதற்குத் தொழில் உண்டு: தன்னைத் தேடி வரும் பெரிய மீன்களின் உடலிலும் வாயிலும் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று தீர்ப்பது. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் நடந்த நீண்ட கால ஆய்வு, இந்த மீன்களை அகற்றிய பாறைகளில் மற்ற மீன்களின் எண்ணிக்கையும் வகைகளும் குறைந்ததைக் காட்டியது. ஆகவே பாறையிலிருந்து ஒரு மீனை எடுப்பவர் ஒரு மீனை மட்டும் எடுப்பதில்லை.

அறிவியலும் ஹுவெய்ட்சுவின் கேள்வியைத் தன் முறையில் கேட்டிருக்கிறது. லின் ஸ்னெடன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், உதட்டில் அமிலமோ தேனீ விஷமோ செலுத்தப்பட்ட டிரவுட் மீன்கள் உடலை ஆட்டின. சில உதட்டைச் சரளையில் தேய்த்தன. இரை தின்னத் தாமதித்தன. மூளையில் புறணி இல்லாத மீனால் வலியை உணர முடியாது என்று பிரையன் கீ போன்றவர்கள் மறுத்தார்கள். 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர் மசனோரி கோதாவும் அவர் குழுவினரும், துப்புரவு மீன் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துத் தன் தொண்டையில் இட்ட குறியைத் தேய்த்து அகற்ற முயன்றதாகக் காட்டினார்கள். விவாதம் முடியவில்லை. முடியும்வரை என்ன செய்வது என்பதற்கு இந்தியச் சமயங்கள், குறிப்பாகச் சமணம், தெளிவாகவே வழி சொல்கின்றன: ஐயம் இருக்கும் இடத்தில் உயிரின் பக்கம் நில். வலி உண்டு என்று நம்பி நடந்து அது பொய்யானால் இழப்பு ஒரு பொழுதுபோக்கு. வலி இல்லை என்று நம்பி நடந்து அது பொய்யானால் இழப்புக்கு ஈடே இல்லை.

வாங்குபவரின் பொறுப்பு பற்றித் தமிழில் கூர்மையான வாதம் நடந்திருக்கிறது. தின்போர் இல்லையென்றால் விலைக்கு ஊன் விற்போரும் இல்லை என்பது புலால் மறுத்தல் அதிகாரத்தின் ஆறாம் குறளின் கருத்து. நான் கொல்லவில்லை, கொன்றதை வாங்கினேன் என்ற சமாதானம் அங்கே உடைகிறது. சமணக் காப்பியமான நீலகேசி இதே வாதத்தைப் பௌத்தர்களுக்கு எதிராக விரிவாக எடுத்து வைக்கிறது. பௌத்தமும் இந்த விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களை அங்குத்தர நிகாயம் வரிசைப்படுத்துகிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. கடல் வண்ண மீன் வணிகத்தின் மிக இருண்ட பகுதி இவற்றில் இரண்டை ஒன்றாகவே செய்கிறது. 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிய முறை அது: சோடியம் சயனைடைக் கடல்நீரில் கரைத்துப் பாறை இடுக்குகளில் பீய்ச்சுவார்கள், மயங்கிய மீன்களை அள்ளுவார்கள். நஞ்சு பட்ட பவளம் சாகிறது. மீன்களில் பலவும் வழியிலேயோ சில வாரங்கள் கழித்தோ சாகின்றன. நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பகுதி பண்ணைகளில் பிறப்பவை. கடல் மீன்களில் பெரும்பகுதி இன்றும் பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவை. இந்த வேறுபாட்டை அறியாமல் கடையில் பணம் கொடுப்பவர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

இந்தோனேசியாவின் பாங்காய் கார்டினல் மீன் இந்த அறியாமையின் விலையைச் சொல்லும். சுலவேசி தீவுக்கு அருகிலுள்ள பாங்காய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத மீன் அது. ஆண் மீன் முட்டைகளை வாயில் அடைகாத்து, பொரித்த குஞ்சுகளையும் சில நாள் வாயிலேயே வைத்துக் காக்கும். மற்றப் பவளப்பாறை மீன்களின் இளங்குஞ்சுகளைப் போல இவை நீரோட்டத்தில் மிதந்து தொலைவுக்குப் பரவுவதில்லை; பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்தால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப ஒன்றும் இல்லை. தந்தையின் இவ்வளவு அக்கறையே அந்த இனத்தின் பலவீனமாகிவிட்டது. 1990-களில் வணிகர் கண்ணில் பட்ட இம்மீன் 2007-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளுக்கு வெளியே உள்ள லெம்பே நீரிணையில் இன்று முக்குளிப்பவர்கள் இதைக் கூட்டம் கூட்டமாகக் காண்கிறார்கள். அவை அங்கே இயற்கையாக வந்தவை அல்ல, வண்ண மீன் வணிகத்தின் வழியே வந்து பெருகியவை. கடையும் கடலும் தனித்தனி உலகங்கள் என்ற எண்ணத்தை இந்த நீரிணை பொய்யாக்குகிறது.

வளர்ப்பதே தவறா? சதபத பிராமணத்தில் வரும் மனுவின் கதை இதற்கு ஆழமான பதில் வைத்திருக்கிறது. கை கழுவ எடுத்த நீரில் ஒரு சிறு மீன் மனுவின் கையில் வந்து விழுகிறது. பெரிய மீன்கள் சிறிய மீன்களைத் தின்கின்றன, என்னைக் காப்பாற்று என்று கேட்கிறது. அவர் அதைக் குடத்தில் விடுகிறார். குடம் போதாமல் வளர்ந்ததும் குழி வெட்டுகிறார். குழியும் போதாதபோது கடலில் கொண்டுபோய் விடுகிறார். இங்கே மீன் அடைக்கலம் கேட்டு வந்தது. குடம் அதன் தேவை இருந்தவரை மட்டுமே குடமாக இருந்தது. மீன் வளர வளர மனுவின் கடமையும் வளர்ந்தது. இன்றைய கடையில் விரல் நீளத்தில் விற்கும் செவ்வால் கெளுத்தி ஒரு மீட்டருக்கும் மேல் வளரக் கூடியது. அதை வாங்குபவர்களில் எத்தனை பேரிடம் அடுத்த குழி வெட்ட இடம் இருக்கிறது?

இஸ்லாமிய மரபும் இதே முடிவுக்கு வேறு வழியில் வருகிறது. பூனையைக் கட்டிப் போட்டு, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு ஆளானதை நபிமொழி ஒன்று சொல்கிறது. அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த குருவியைப் பற்றி நபிகள் நாயகம் பரிவோடு விசாரித்ததை இன்னொரு நபிமொழி சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்த அறிஞர்கள், உயிரை வளர்ப்பது ஆகும், அதன் தேவையை நிறைவேற்றுவது கட்டாயம் என்று கொண்டார்கள். 2005-இல் ரோம் நகரம் வட்டக் கண்ணாடிக் கிண்ணங்களில் பொன்மீன் வளர்ப்பதைத் தடை செய்ததும் அடிப்படையில் இதே கொள்கைதான். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவருக்கு இதில் நேரடியான செய்தி உண்டு. அடைக்கலம் கொடுத்தவர் வீட்டில் இருக்க வேண்டும். இருக்க முடியாதவர், தம் இடத்தில் அறிந்து பார்த்துக்கொள்ளும் ஒருவரை வைக்காமல் தொட்டி வைப்பது முறையல்ல.

இனிப் பார்ப்பது மட்டுமே செய்பவரின் நிலை. முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் அமர்ந்திருக்கின்றன. ஒன்று கனியைத் தின்கிறது, மற்றொன்று தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் அழகைப் பற்றி எழுதும்போது இந்தப் பறவைகளை நினைவுகூர்ந்தார். பார்ப்பதும் தின்பதும் வேறு வேறு செயல்களாக இருப்பதே மனித வாழ்வின் பெருந்துயரம் என்றும், அழகானதை விழுங்கத் துடிப்பதிலேயே பல தீமைகள் பிறக்கின்றன என்றும் அவர் கருதினார். முக்குளிப்பவர் இரண்டாவது பறவையாக இருக்க முயல்கிறார். அவர் இறங்கும் இடம் அவருடையதல்ல. சுவாசிப்பது தோளில் சுமந்து வந்த காற்று. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரு மடங்காகிறது. சிவப்பு நிறம் மங்கிப் பழுப்பாகிறது. கடையின் விளக்கொளியில் தீயாய் எரிந்த மீன் அங்கே சாம்பல் நிறத்தில் ஒதுங்கிப் போகிறது. அது யாருக்கும் காட்சி தருவதற்காக அங்கே இல்லை.

ஏறி வந்த பிறகும் கடல் ஒரு நாளைக் கேட்கிறது. பல முறை இறங்கியவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரமும், ஒரே முறை இறங்கியவர் 12 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவத்தின் பரிந்துரை. அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழிகளாகி நரம்புகளையும் மூட்டுகளையும் தாக்கக்கூடும். திங்கட்கிழமைக் கூட்டத்துக்காக ஞாயிறு இரவு பறக்க வேண்டியவர் ஞாயிறு காலையில் இறங்கக் கூடாது.

ஆனாலும் இரண்டாவது பறவை முழுக்கக் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. துடுப்புக்காலின் ஓர் உதையில் முறியும் பவளக் கிளை மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும். பாறைபோல் திரண்ட பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. கூட்டம் அதிகம் இறங்கும் இடங்களில் சேதமும் அதிகம். கேமரா ஏந்தியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் பாறையில் மோதுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. படமும் ஒரு வகை உடைமைதான்; அதற்கான பேராசையும் பறிக்கும் கையைப் போலவே கண்மூடித்தனமானது. பசிபிக் தீவு நாடான பலாவ் 2017 முதல், வருகிறவர்களின் கடவுச்சீட்டிலேயே ஓர் உறுதிமொழியை முத்திரையிட்டுக் கையொப்பம் வாங்குகிறது. அந்த உறுதிமொழி அரசாங்கத்தை நோக்கி அல்ல, பலாவின் குழந்தைகளை நோக்கிச் செய்யப்படுவது. வந்து பார்ப்பதும் ஒரு பொறுப்பு என்பதை நாட்டின் வாயிலிலேயே சொல்லும் இந்த ஏற்பாடு எல்லாக் கடற்கரை நாடுகளும் பின்பற்றத் தக்கது.

மறுபக்கத்தில், கடையே எப்போதும் குற்றவாளியும் அல்ல. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில், பார்சேலோஸ் ஊரைச் சுற்றி வாழும் மக்கள் கார்டினல் டெட்ரா என்ற சிறு மீனைக் கைவலையால் பிடித்து விற்கிறார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் புகும் காட்டிலேயே அந்த மீன் வாழ்கிறது. காடு அழிந்தால் வருமானமும் அழியும். அதனால் காட்டை வெட்டாமல் வைத்திருப்பதில் அவர்களுக்கு நேரடி நலன் உண்டு. அங்கே பிடித்த மீனை வாங்க மறுப்பது அறமாகத் தோன்றினாலும், காட்டுக்கு அது தீங்காகவே முடியலாம். இந்தியாவில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் நிலையங்களில் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்யும் முறைகள் வளர்க்கப்பட்டன. பாங்காய் கார்டினலும் இன்று தொட்டிகளில் பெருக்கப்படுகிறது. அப்படிப் பிறந்த மீனை வாங்குவதும் பாறையிலிருந்து பறித்த மீனை வாங்குவதும் ஒன்றாகா. கடைக்காரரிடம் இந்த வேறுபாட்டைக் கேட்கும் உரிமை, வாங்காமல் பார்த்துப் போகும் பயணிக்கும் உண்டு. பலர் கேட்கத் தொடங்கினால் கடைக்காரரும் தம் வணிகரிடம் கேட்பார்.

மனம் மாறி விடுதலை செய்வது தீர்வாகுமா என்பதையும் சொல்லியாக வேண்டும். சீனப் பௌத்த மரபில் ஃபாங்ஷெங் என்ற சடங்கு உண்டு: சந்தையில் உயிரோடு விற்கும் மீன்களை வாங்கி நீர்நிலையில் விடுவது புண்ணியம். நோக்கம் உயர்ந்தது. விளைவோ பெரும்பாலும் கேடு. விடுவதற்காகவே பிடிக்கும் வணிகம் ஒன்று முளைக்கிறது. அயல் மீன்கள் உள்ளூர் மீன்களை அழிக்கின்றன. 1985-இல் ஃபுளோரிடா அருகே முதன்முதலாகக் காணப்பட்ட சிங்க மீன், வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாகவே கருதப்படுகிறது. இன்று கரிபியன் கடல் முழுவதும் பரவிச் சிறு மீன்களை விழுங்குகிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று இங்கே விற்கப்படும் சக்கர் மீனும் இப்படித்தான் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் ஆகியவற்றின் நீர்நிலைகளில் பெருகியது. மனு தம் மீனைக் கடலில் விட்டது, அது கடலுக்குரிய மீன் என்பதால். எந்த நீரிலும் எந்த மீனையும் விடலாம் என்பதற்கு அந்தக் கதை சாட்சியல்ல.

ஆகவே மூன்று நிலைகளுக்கும் மூன்று விதமான கடமைகள் தேறுகின்றன. கடலில் பார்ப்பவர் எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது; இந்தியக் கடலில் பவளத்தையும் கடற்குதிரையையும் எடுப்பது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. கடையில் பார்ப்பவர் மீனின் பிறப்பிடத்தைக் கேட்க வேண்டும். பதில் கிடைக்காத கடல் மீனை வாங்கக் கூடாது. வீட்டில் வைத்துப் பார்ப்பவர் அதன் முழு வளர்ச்சிக்கும் முழு ஆயுளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். முடியாதபோது பொறுப்பேற்கும் இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும், குளத்திலோ ஆற்றிலோ கடலிலோ விடக் கூடாது.